இரத்தச் சுத்திகரிப்பும் உறக்கக் குறைவும்

சிறுநீரகங்கள் செயலிழந்தவரின் இரத்தத்தில் தேங்கும் கழிவுப் பொருள்களையும் மிகை நீரையும் இயந்திரத்தின் மூலம் அகற்றும் முறைக்கு ஹீமோடயாலிஸிஸ் என்று பெயர். 1943-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் டாக்டர் வில்லம் கோல்ஃப் இதற்கென ஓர் இயந்திரத்தை அமைத்துப் பயன்படுத்தினார். நம் நாட்டில், 2016-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற தேசிய டயாலிஸிஸ் திட்டத்தின் வாயிலாக, ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் இச்சிகிச்சை ஏழை மக்களுக்குக் கிடைத்து வருகிறது.

சிகிச்சை பெறுவோரிற் பலர் இரவில் உறக்கமின்றியும் பகலில் அயர்ச்சியுற்றும் துன்புறுகின்றனர். வீட்டாரும் உடன் பணிபுரிவோரும் இதனைச் சோம்பல் எனக் கருதிவிடுவதுண்டு. அது தவறாகும். சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் செய்யும் வேலையை, இயந்திரம் வாரம் மும்முறை, முறைக்கு 4 மணி நேரமாக, 12 மணி நேரத்தில் செய்து முடிக்கிறது. இடைநாட்களில் சேர்ந்த நீரை விரைவாக வெளியேற்றுவதால் இரத்த அழுத்தம் தாழ்ந்து, சிகிச்சைக்குப் பின் உடல் தளர்கிறது.

வேறு காரணங்களும் உள. சிவப்பணுக்களின் உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் பொருள் பெரும்பாலும் சிறுநீரகங்களிலேயே உண்டாகிறது. அது குறைந்தால் இரத்த சோகையும், அதனால் களைப்பும் ஏற்படும். இரவில் கால்களை அசைத்தாலன்றித் தணியாத ஒருவிதத் தவிப்புச் சிலருக்கு உண்டாகிறது; இரும்புச் சத்துக் குறைவு இதனை மிகுவிக்கும். உடலில் மிகுந்த நீர், படுக்கும்போது கால்களிலிருந்து கழுத்துப் பகுதிக்கு ஏறி மூச்சுக் குழலை நெருக்குவதால், உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் உண்டு. தோலில் தோன்றும் அரிப்பும் உறக்கத்தைக் கெடுக்கும்.

இவற்றிற் பெரும்பாலானவற்றிற்குப் பரிகாரம் உண்டு. ஆனால் நோயாளி வாய் திறந்து கூறினாலன்றி டாக்டருக்கு இவை தெரிய வழியில்லை. ஆகவே களப்பணியாளர் அவரிடம், ‘இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள்? கால்கள் தவிக்கின்றனவா? குறட்டையினிடையே மூச்சு நிற்பதாக வீட்டார் சொல்கின்றனரா?’ என்று வினவி, விடையைக் குறித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் நலம். உப்பையும் நீரையும் விதித்த அளவில் கொள்ளுதல், ஒரு சிகிச்சையையும் தவறவிடாதிருத்தல், பகலுறக்கத்தைக் குறைத்தல், டாக்டரின் அனுமதியுடன் நடைப்பயிற்சி செய்தல் ஆகியவை பயன் தரும். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி உட்கொள்வதோ அபாயகரமானது. மூச்சுத் தடையுள்ளவருக்கு அது பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும்.

ஆசிரியர்களும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். சிகிச்சை பெறும் சக ஆசிரியருக்குச் சிகிச்சை நாளிலும் மறுநாளிலும் பணிச்சுமையைக் குறைத்தளிப்பது சலுகையன்று. நோயின் இயல்பை உணர்ந்து செய்யும் முறையான ஏற்பாடேயாகும்.