லேண்ட்லைன் எப்படி ஐ.பி. போனுக்குள் நுழைகிறது?

அலுவலகத்துக்குள் எல்லா மேசைகளிலும் ஐ.பி. போன்கள், வெளியிலிருந்து வருவதோ பழைய செம்புக் கம்பி. இரண்டையும் நேரடியாக இணைக்க முடியாது. ஏன்?

கம்பியில் எல்லாமே மின்சாரச் செய்திதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அதில் சுமார் 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தத்தை வைத்திருக்கும். ரிசீவரை எடுத்தால் சுற்று மூடி மின்னோட்டம் பாயும். மணியடிக்க, அதிக வோல்ட்டில் மாறுதிசை மின்சாரம் வரும். ஐ.பி. போனுக்குப் புரிவது டேட்டா பாக்கெட்டுகள் மட்டுமே.

நடுவே மொழிபெயர்ப்பது கேட்வே. அதன் எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட், எக்ஸ்சேஞ்சுக்குச் சாதாரண போனாகவே தெரியும். மணி வந்ததும் உள்ளே ஓர் அழைப்பை அனுப்பும். பிறகு சுற்றை மூடி, குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக்கி, பாக்கெட்டுகளாக அனுப்பும்.

உண்மையான சவால் எதிரொலி. இரண்டே கம்பிகளில் போகும் குரலும் வரும் குரலும் கலந்தே ஓடுகின்றன. கேட்வே அவற்றைப் பிரிக்கும்போது, மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) பொருந்தாவிட்டால் கொஞ்சம் குரல் கசிந்து திரும்பும். பழைய போனிலும் இந்தக் கசிவு உண்டு. உடனே திரும்பியதால் காதுக்கு உறைக்கவில்லை. பாக்கெட்டாக்கும் தாமதம் சேர்ந்ததும் நம் பேச்சே நமக்குத் தனியாகக் கேட்கிறது. எதிரொலி நீக்கி இல்லாத கேட்வேயை வாங்கவே கூடாது.

மறுமுனை போனை வைத்ததையும் கேட்வே கண்டுபிடித்தாக வேண்டும். சில எக்ஸ்சேஞ்சுகள் மின்துருவத்தை மாற்றிக் காட்டும். வேறு பல இடங்களில் பிஸி டோன்தான் அடையாளம். அது நாட்டுக்கு நாடு மாறும். அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் பேச்சு முடிந்தும் லைன் விடுபடாது.