நீர் மூழ்குவோருக்கு நேரும் நைட்ரஜன் மயக்கம்

மன்னார் வளைகுடாக் கரையூர்களில் சங்கு குளித்தல் தொன்றுதொட்டு வரும் தொழில். மூச்சை அடக்கி மூழ்குவோர் விரைவிலேயே மேலே வந்தாக வேண்டும். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்கும் ‘ஸ்கூபா’ முறையிலோ நீரடியில் நெடுநேரம் தங்கலாம். இதில் மறைந்துள்ள ஓர் ஆபத்தைக் கடலோர ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகள் பிடித்து நிலத்திற்கு உரமாகத் தருவது இதனையே என்பதை உழவர் அறிவர். தரையில் இதனால் உடலுக்குத் தீங்கில்லை. ஆனால் கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும், தரையிலுள்ள காற்றழுத்தத்தின் அளவு இன்னொரு பங்கு கூடுகிறது. 30 மீட்டரில், அதாவது சுமார் 16 பாகத்தில், அழுத்தம் நான்கு மடங்கு. உருளைக் காற்றும் அவ்வழுத்தத்திலேயே வருமாதலால், ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு நைட்ரஜன் உட்செல்கிறது. அது இரத்தத்தில் கரைந்து மூளையை எட்டி, கள்ளுண்டவன்போல் அறிவை மந்தமாக்குகிறது. நைட்ரஜனே இதற்குக் காரணம் என 1935ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பென்கியும் அவருடன் ஆராய்ந்தோரும் விளக்கினர்.

இம்மயக்கத்தின் கொடுமை யாதெனில், அதற்கு ஆளானவர் அதனை உணர்வதில்லை. காரணமின்றி மகிழ்ச்சி பொங்கும். சிலருக்கு அச்சம் மிகும். கண்ணெதிரே உள்ள அளவுமானியைப் பார்ப்பார். காற்று தீர்ந்து வருகிறதென்பது மனத்தில் பதியாது. மயக்கம் கொல்வதில்லை, மறதி கொல்கிறது. ஆகவே தனியே மூழ்குதல் கூடாது. துணைவர் கைச்சைகை காட்டி, மறுமொழி தாமதித்தால் அவரைப் பற்றிக்கொண்டு சில மீட்டர் மேலே வரவேண்டும். மருந்து ஏதும் வேண்டா. அழுத்தம் குறைந்ததும் சில நிமிடங்களில் தெளிவு பிறக்கும். எனினும் பதறி விரைந்து ஏறலாகாது. நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறுதல் நன்று.

பழகியவர்க்கு மயக்கம் வராது என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். அது தவறு. முதல்நாள் மது, உறக்கமின்மை, குளிர், கடும் உழைப்பு ஆகியவை அதனை மிகுவிக்கும். பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு 40 மீட்டரே எல்லை. புதிதாகப் பயின்றவருக்கு 18 மீட்டர். எவ்வளவு ஆழம் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஆழத்தில் அம்முடிவை மாற்றுவது மயங்கிய அறிவாகவே இருக்கக்கூடும்.

மேலே வந்தபின் மூட்டுவலியோ கைகால் மரப்போ தோன்றினால் அது வேறு நோய். தானே தீருமென்று காத்திருத்தல் கூடாது, மீண்டும் நீரில் இறக்குதலும் கூடாது. பிராணவாயு கொடுத்து, 108 ஊர்தியை அழைத்து, அவர் எத்தனை மீட்டர் ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.