சொன்ன சொல் காத்தல்

வாக்குக் கொடுத்தல் எளிது. அதனைக் காத்தல் அரிது. இலாபம் வருங்கால் வாக்கைக் காப்போர் பலர். இழப்பு வந்த போதும் காப்பவரே வாய்மையாளர். அரிச்சந்திரன் கதையால் நாம் நன்கறிந்த இவ்வறத்தைக் கிறிஸ்தவ சமயமும் வற்புறுத்துகின்றது. தனக்கே நட்டம் நேரினும் சொல் மாறாதவன் இறைவனோடு தங்கத் தகுதியுடையவன் என்பது விவிலியத்தின் 15-ஆம் சங்கீதம் உணர்த்தும் கருத்துகளுள் ஒன்று. ஆணையிடாமலே பிறர் நம்பத்தக்கதாக நம் பேச்சு இருத்தல் வேண்டும் என இயேசு பெருமான் மலைப்பொழிவில் போதித்தார்.

இதற்குத் தஞ்சை வரலாற்றில் சிறந்ததொரு சான்று உண்டு. ஜெர்மானியரான சுவார்ட்ஸ் பாதிரியார் 1750-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, பிற்காலத்தில் தஞ்சையில் பணியாற்றினார். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜா, 1787-இல் நோயுற்றிருந்தபோது, ஏறத்தாழ 10 வயதுடைய சரபோஜியைத் தத்தெடுத்தார். அச்சிறுவனின் நலனைப் பாதிரியாரிடம் ஒப்படைத்தார். அவரும் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டிலேயே மன்னர் மறைந்தார்.

தத்து செல்லாது என முடிவு செய்யப்பட்டு, மன்னரின் தம்பி அமர்சிங் அரியணை ஏறினார். சரபோஜியைக் காப்பதாக அவரும் உறுதி கூறியிருந்தார். ஆயினும் சிறுவன் கல்வியின்றி அடைத்து வைக்கப்பட்டான். ஒரே பிள்ளைக்காக இருவர் கொடுத்த வாக்கில் ஒன்று பொய்த்தது.

அறுபது வயதைக் கடந்த பாதிரியார், ஆளும் மன்னரின் சினத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை. கும்பினி அரசிடம் முறையிட்டார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கல்வி பெற்றார். தத்து செல்லும் என்பதும் பின்னர் ஏற்கப்பட்டது. 1798 ஜூன் மாதத்தில் சரபோஜி மன்னரானார். ஆனால் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பாதிரியார் காலமாகிவிட்டார். தாம் காத்த பிள்ளை முடிசூடியதை அவர் காணவில்லை.

சரபோஜி இந்துவாகவே வாழ்ந்தார். எனினும் தம்மைக் காத்தவரை மறவாது, தஞ்சைத் தேவாலயத்தில் பளிங்கு நினைவுச் சின்னம் அமைத்தார். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் கரத்தை மன்னர் பற்றியிருக்கும் காட்சியை இன்றும் அங்கே காணலாம்.

ஒன்றை மறத்தலாகாது. தீமை செய்வதாகக் கொடுத்த வாக்கு காக்கத்தக்கதன்று. விருந்தில் சிந்தியாது ஆணையிட்ட ஏரோது மன்னன், அதன்பொருட்டு யோவானைக் கொன்று பழி தேடினான். ஆகவே வாக்குக் கொடுக்குமுன் சிந்தித்தல் வேண்டும். கொடுத்த பின் கணக்குப் பார்த்தலாகாது.

மாணவச் செல்வங்களே! திருப்பித் தருவதாகக் கூறி வாங்கிய புத்தகத்தைக் குறித்த நாளில் கொடுங்கள். பெற்றோர்களே! சம்பள நாளில் தருவதாகச் சொன்ன கடனைச் செலவு நெருக்கினும் தீர்த்துவிடுங்கள். பிள்ளைக்குச் சொன்ன சிறு சொல்லையும் காப்பாற்றுங்கள். வாய்மையின் முதற்பாடத்தைக் குழந்தை வீட்டிலேதான் கற்கின்றது.