கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தம் பட்டால்

பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் குளியலறையில் உள்ளாடையில் இரத்தக் கறையைப் பார்க்கிறீர்கள். கை கால் நடுங்குகிறது. கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். அம்மாவுக்குப் போன் செய்வதா, படுத்துக்கொள்வதா, மருத்துவமனைக்கு ஓடுவதா என்று ஒன்றும் புரிவதில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்தம் பட்டாலே கரு கலைந்துவிட்டது என்று பொருள் அல்ல. முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கு கர்ப்பிணிகளில் ஒருவருக்குக் கொஞ்சமாவது இரத்தப்போக்கு ஏற்படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் கர்ப்பம் தொடர்ந்து வளர்கிறது. ஆனால் சில இரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தானது. அதற்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம்.

உடனே கிளம்ப வேண்டிய நிலை

கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கிவிடுவது உண்டு. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி அமையலாம். குழாய் மெல்லியது, கரு வளர வளர அது வெடித்து வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியும். வெளியே தெரிவது சில சொட்டுகளாகவே இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அதனால் "கொஞ்சம்தானே படுகிறது" என்று இரத்தத்தின் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, தலைச்சுற்றல், மயக்கம், முகம் வெளிறிக் குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் அது அவசரம். தோள் வலி என்றதும் பலர் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். வயிற்றுக்குள் தேங்கும் இரத்தம் மேலே உதரவிதானத்தை உறுத்தும்போது அந்த வலி தோளில்தான் தெரியும். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு இந்த வலி வந்தால் தைலத்தை நம்பிப் படுத்துவிடக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் ஒரு முழு பேட் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே நனைந்தால் அதுவும் அவசரம். பெரிய கட்டிகளாக இரத்தம் வெளியேறினாலும், இரத்தப்போக்குடன் காய்ச்சலோ துர்நாற்றமுள்ள கசிவோ இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

இந்த நிலையில் 999-ஐ அழையுங்கள், அல்லது யாராவது காரில் அழைத்துச் செல்லட்டும். நீங்களே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகாதீர்கள். வழியில் மயக்கம் வரலாம். ஜோகூர் பாருவில் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைகளிலும், மூவார், பத்து பஹாட், குளுவாங், சிகாமட் அரசு மருத்துவமனைகளிலும் மகப்பேறு நிபுணர்கள் இருக்கிறார்கள். பொந்தியான், கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் இருப்பவர்களும் தோட்டப்புறங்களில் இருப்பவர்களும் பெரிய மருத்துவமனையைத் தேடி நேரத்தைப் போக்காமல் மிக அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே ஆம்புலன்ஸில் அனுப்பி வைப்பார்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கும் இதே அறிவுரைதான். அந்தப் பக்கம் இருக்கும்போது வலி வந்தால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பாலத்து நெரிசலில் நிற்காதீர்கள். இருக்கும் பக்கத்திலேயே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி இல்லாமல் கொஞ்சமாகப் பட்டால்

பழுப்பு நிறக் கறை, துடைக்கும்போது மட்டும் தெரியும் இளஞ்சிவப்பு, பேட் நனையாத அளவு சொட்டு போன்றவற்றுக்கு நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. மறுநாள் காலை உங்கள் சுகாதாரக் கிளினிக்குக்கோ தாய் சேய் நலக் கிளினிக்குக்கோ சென்று காட்டுங்கள். இன்னும் பதிவு செய்யவில்லை, பிங்க் புத்தகம் வாங்கவில்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். அன்றே பதிவும் செய்துகொள்ளலாம். விடுமுறையில் கிளினிக் மூடியிருக்கும்போது இரத்தம் கூடினால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாள் எது, இரத்தம் எப்போது தொடங்கியது, எத்தனை பேட் மாற்றினீர்கள் என்பதைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். டாம்பான் வேண்டாம், பேட் மட்டும் பயன்படுத்துங்கள். அப்போதுதான் அளவு தெரியும். சதை போன்ற ஏதாவது வெளியேறினால், பார்க்கவே மனம் வராது என்றாலும், சுத்தமான டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். சோதித்துப் பார்த்தால் காரணம் சில சமயம் தெரியவரும்.

உங்கள் இரத்த வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் மலாய்க்காரர்களையும் சீனர்களையும்விட இந்தியர்களிடையே 'நெகட்டிவ்' இரத்த வகை அதிகம். தாய் நெகட்டிவாகவும் கரு பாசிட்டிவாகவும் இருந்து இருவர் இரத்தமும் கலந்தால், தாயின் உடல் அதை அந்நியமாக எடுத்துக்கொண்டு எதிர்க்கத் தொடங்கலாம். பாதிக்கப்படுவது பெரும்பாலும் அடுத்த குழந்தைதான். இதைத் தடுக்க 'ஆன்டி-டி' ஊசி இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எல்லாருக்கும் இது தேவைப்படாது. வாரக் கணக்கையும் சிகிச்சையையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். நெகட்டிவ் என்று தெரிந்தால் அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரத்தம் எங்கிருந்து வருகிறது?

கரு கருப்பைச் சுவரில் பதியும்போது சிறிது இரத்தம் கசியலாம். கர்ப்பத்தில் கருப்பை வாய் மென்மையாகிவிடுவதால் உடலுறவுக்குப் பின்னும் படலாம். கருப்பையில் தொற்றோ, கருப்பைச் சுவருக்கும் கருவைச் சுற்றியுள்ள பைக்குமிடையே இரத்தக் கட்டோ இருக்கலாம். அரிதாக, கரு உருவாகாமல் நஞ்சுத் திசு மட்டும் திராட்சைக் கொத்துப் போல வளர்வது உண்டு. ஊர்ப் பெரியவர்கள் இதை முத்துப்பிள்ளை என்பார்கள். மலாயில் ஹாமில் அங்கூர். இதற்குச் சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதங்கள் இரத்தப் பரிசோதனை தொடரும்.

மற்றவை கருச்சிதைவுகள். உறுதியான கர்ப்பங்களில் நூற்றில் 10 முதல் 15 வரை கருச்சிதைவில் முடிகின்றன. பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள். பாதியளவுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. முட்டையும் விந்தணுவும் சேரும் நேரத்திலேயே எண்ணிக்கை பிசகிவிடுகிறது, அந்தக் கரு வளர முடியாது. வயது ஏற ஏற இந்தப் பிசகும் கூடும்: இருபதுகளின் தொடக்கத்தில் பத்துக் கர்ப்பங்களில் ஒன்று என்றால், நாற்பதைத் தாண்டியபின் இரண்டில் ஒன்று. நீங்கள் துணிக் கூடையைத் தூக்கியதாலோ, வேலைக்குப் போனதாலோ, மாடிப்படி ஏறியதாலோ, கணவருடன் சண்டை போட்டதாலோ அது நடப்பதில்லை. கண் பட்டதாலும் இல்லை.

ஸ்கேனும் காத்திருப்பும்

ஆறு வாரத்துக்கு முன் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் எதுவும் தெளிவாகத் தெரியாது. அதனால் உட்புற ஸ்கேன் செய்வார்கள். அது கருவைக் கலைக்காது, பயப்பட வேண்டாம். கூச்சமாக இருந்தால் தாதி ஒருவர் உடன் இருக்கும்படி கேட்கலாம்.

பலருக்கு இங்கேதான் மனம் உடைகிறது. "இதயத் துடிப்பு இன்னும் தெரியவில்லை, ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்கிறார் டாக்டர். ஏன் இப்போதே சொல்லக்கூடாது? தேதி தவறியிருக்கலாம் என்பதே காரணம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு எட்டு வாரம் என்று நினைத்தது உண்மையில் ஆறாக இருக்கும். கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால், குறைந்தது ஏழு நாள் கழித்து மறுபடி பார்க்காமல் முடிவு சொல்வதில்லை. உயிருள்ள கருவைத் தவறுதலாகக் கலைந்ததென்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கான கவனம் அது. சிலருக்கு இரண்டு நாள் இடைவெளியில் இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவையும் பார்ப்பார்கள்.

அந்த ஒரு வாரம் நீளமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் துடிப்பு ஒரு முறை தெரிந்துவிட்டால், இரத்தம் பட்டிருந்தாலும், பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேரின் கர்ப்பம் தொடர்கிறது.

படுத்தே கிடக்க வேண்டுமா?

வேண்டாம். நாள் முழுதும் படுத்திருந்தால் கரு நிற்கும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. அசதியாக இருந்தால் ஓய்வெடுங்கள், வீட்டு வேலையைப் பிறர் செய்யட்டும். எழுந்து நடப்பதற்கு மட்டும் பயப்படாதீர்கள். இரத்தம் நிற்கும்வரை உடலுறவைத் தவிர்ப்பது நல்லது. வயிற்றை உருவி விடுவது, உருட் போன்ற எந்தப் பிடித்துவிடுதலும் வேண்டவே வேண்டாம்.

பப்பாளி, அன்னாசிக் கேள்வி எப்படியும் வரும். பெக்கான் நனாஸ் இருக்கும் மாநிலத்தில் அன்னாசி கண்ணில் படாமல் இருக்காது. பழுத்த அன்னாசியைச் சாதாரண அளவில் சாப்பிடுவதால் கரு கலைவதில்லை. பப்பாளியைப் பொறுத்தவரை பாட்டிமார் சொன்னதில் பாதி சரிதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், பப்பாளிக்காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்தது. பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. காயைத் தவிருங்கள். நேற்று ஒரு துண்டு பழம் தின்றோமே என்று அழ வேண்டாம்.

வயிற்று வலிக்கு வழக்கம்போல் பொன்ஸ்டான் எடுத்துவிடாதீர்கள். மாதவிலக்கு வலிக்குப் பழகிய மருந்துதான், ஆனால் கர்ப்பத்தில் பாரசிட்டமால் போதும். ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

"கருவை நிறுத்தும் மாத்திரை" கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முன்பு கருச்சிதைவு ஆகாதவர்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. முன்பே கருச்சிதைவு ஆகி, இப்போதும் இரத்தம் படுபவர்களுக்குப் பலன் தெரிந்தது. எனவே முந்தைய கருச்சிதைவுகளை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கணவருக்கோ மாமியாருக்கோ தெரியாத ஒன்றாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

கரு தங்காமல் போனால்

கருச்சிதைவு உறுதியானால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. உடல் தானாக வெளியேற்றும்வரை ஓரிரு வாரம் காத்திருக்கலாம். மருந்து கொடுத்து வெளியேற்றலாம். மயக்கமருந்து கொடுத்தோ மரத்துப்போகச் செய்தோ உறிஞ்சி எடுக்கலாம். கடைசியானதைத்தான் நம்மவர்கள் 'கழுவி விடுவது' என்கிறார்கள். இரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ தொற்று இருந்தாலோ டாக்டர் அதையே சொல்வார். மற்றபடி எது வேண்டும் என்பதில் உங்கள் விருப்பத்துக்கும் இடம் உண்டு, கேள்வி கேளுங்கள். பிறகு இரண்டு வாரம் வரை இரத்தம் படலாம். மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை செய்து, அப்போதும் இரண்டு கோடு வந்தால் கிளினிக்குக்கு வாருங்கள்.

வேலை செய்பவர்கள் கவனிக்க: வேலைச் சட்டத்தின் 98 நாள் பிரசவ விடுப்பு 22 வாரத்துக்குப் பிந்தைய பிரசவத்துக்குத்தான். ஆரம்பக் கருச்சிதைவுக்கு மருத்துவ விடுப்புதான் கிடைக்கும். எனவே எம்.சி. கேட்டு வாங்குங்கள். மறுநாளே தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது நம்மிடையே வழக்கம். நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் கருத்தரித்ததே யாருக்கும் தெரியாதபோது, கலைந்ததை யாரிடம் சொல்லி அழுவது? "இன்னொன்று பிறக்கும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆரம்பத்திலேயே கருவை இழந்த பெண்களைப் பற்றி இலண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் கழித்து 29 விழுக்காட்டினருக்குக் கடும் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 விழுக்காட்டினருக்கு இருந்தன. எனவே நம்பிக்கையான ஒருவரிடமாவது முன்பே சொல்லி வைப்பது நல்லது. கணவர்மாரே, நீங்களும் இழந்திருக்கிறீர்கள். "மறந்துவிடு" என்பதற்குப் பதில் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி 15555. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மாதவிலக்கு பொதுவாக நான்கு முதல் எட்டு வாரத்தில் திரும்பும். அதற்கு முன்பே மறுபடி கருத்தரிக்கக்கூடும் என்பதால், இப்போது வேண்டாம் என்றால் கருத்தடை பற்றி அன்றே கேளுங்கள். வேண்டும் என்றால் ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்கள் பின்தங்கிவிடவில்லை. முத்துப்பிள்ளை இருந்தவர்கள் மட்டும் டாக்டர் அனுமதிக்கும்வரை பொறுக்க வேண்டும். மூன்று முறை அடுத்தடுத்துக் கலைந்திருந்தால் இருவரும் நிபுணரைப் பாருங்கள். கருக்குழாய்க் கர்ப்பம் ஏற்கெனவே ஆனவர்கள், அடுத்த முறை இரண்டு கோடு தெரிந்ததுமே கிளினிக்குக்கு வந்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று ஆறு, ஏழு வாரத்திலேயே ஸ்கேனில் பார்த்துக்கொள்ள வேண்டும்.