வானம் கற்றுத் தந்த சிஸ்டர்

லிங்கி தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. சிப்பாங் விமான நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது! செம்பனை மரங்களுக்கு மேலே விமானம் போகும்போது பிள்ளைகள் இன்றும் அண்ணாந்து பார்க்கத்தான் செய்கிறார்கள்.

கான்வென்ட் பள்ளியில் படித்த அக்காமார்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் சிஸ்டர் என்ன பாடம் நடத்தினார்? கணக்கா, ஆங்கிலமா? அமெரிக்காவில் ஒரு சிஸ்டர் விமானவியலே நடத்தினார். பெயர் மேரி அக்குவினாஸ் கின்ஸ்கி, பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரி. 1894இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தார். புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கிற ஆள் இல்லை. தாமே விமானம் ஓட்டவும் கற்றவர். தரையைத் தொடும் துறவற உடையோடு, விமான எஞ்சினுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் 1943ஆம் ஆண்டுப் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. 'பறக்கும் கன்னியாஸ்திரி' என்றே அவரை அழைத்தார்கள். பின்னாளில் அதே பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடர் வேறு கதை, குழப்பிக்கொள்ள வேண்டாம். 1957இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஜெட் விமானத்திலும் பறந்தார்.

விமானத்தை இறக்கை எப்படித் தூக்குகிறது என்று பிள்ளைகள் கேட்டால், நாளிதழில் விரலகலத் துண்டு ஒன்றைக் கிழித்து, கீழுதட்டுக்கு அடியில் பிடித்து, அதன் மேல்பக்கமாக ஊதச் சொல்லுங்கள். தொங்கும் தாள் மேலே எழும். இன்று மாலையே செய்து பாருங்கள்.