ஹெலன் டவுசிக்

ஹெலன் புரூக் டவுசிக் (24 மே 1898 – 20 மே 1986) அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர். குழந்தைகளுக்கான இதய மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர்.

இளமையும் கல்வியும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். டவுசிக்கின் 11ஆம் வயதில் தாய் காசநோயால் இறந்தார். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டால் பள்ளியில் மிகவும் சிரமப்பட்ட டவுசிக்கிற்குத் தந்தையே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1917இல் கேம்பிரிட்ஜ் பெண்கள் பள்ளியில் படிப்பை முடித்தார்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளி 1945 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1927இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் கேட்கும் திறன் பெரிதும் குறைந்தது. குழந்தையின் மார்பில் விரல்களை வைத்து இதயத் துடிப்பை அறியப் பழகிக்கொண்டார்.

நீலக் குழந்தைகள்

சில குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறைபாட்டால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. உயிர்வளி குறைவதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழாய், பிறந்தபின் மூடிக்கொள்வது இயல்பு. இக்குழாய் மூடாமல் இருக்கும் வரை நீலக் குழந்தைகள் ஓரளவு நலமாக இருப்பதையும், மூடியதும் நிலை மோசமாவதையும் டவுசிக் கவனித்தார். அப்படியானால் அத்தகைய இணைப்பைச் செயற்கையாக ஏற்படுத்தினால் என்ன என்று கேட்டார்.

அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக் இதை ஏற்றார். அவருடைய ஆய்வுக்கூட உதவியாளரான விவியன் தாமஸ் நாய்களிடம் சோதித்து அறுவை முறையை உருவாக்கினார். 29 நவம்பர் 1944 அன்று 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு, கைக்குச் செல்லும் தமனி நுரையீரல் தமனியுடன் இணைக்கப்பட்டது. அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் அடுத்தடுத்த சிகிச்சைகள் வெற்றி பெற்றன. ஆயிரக்கணக்கான குழந்தைகள் இம்முறையால் பிழைத்தனர்.

தாலிடோமைடு

1962இல் ஜெர்மனிக்குச் சென்று, கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மருந்தால் கைகால் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார். நாடு திரும்பி அதன் ஆபத்தை அமெரிக்க மருத்துவர்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் எடுத்துரைத்தார்.

சிறப்புகள்

முழுப் பேராசிரியர் பதவி 1959இல்தான் கிடைத்தது. 1964இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் பெற்றார். 1965இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

இந்த அறுவை முறை நெடுங்காலம் பிளேலாக், டவுசிக் ஆகிய இருவர் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டது. கறுப்பினத்தவரும் மருத்துவப் பட்டம் இல்லாதவருமான தாமஸின் பெயர் அதில் இல்லை. 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. இப்போது மூவர் பெயரையும் சேர்த்து வழங்குவது பெருகிவருகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ மாணவர்களின் நான்கு பிரிவுகளில் ஒன்று டவுசிக் பெயரையும் மற்றொன்று தாமஸ் பெயரையும் தாங்கியுள்ளன.