வாசலில் விரல், அடுக்களையில் ஓசை

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலை வெறுங்காலோடு சுற்றி வருகையில் காலில் ஒரு முள் தைக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோகிறோம். மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கி, விண் விண்ணென்று தெறிக்கிறது. முள்ளோடு உள்ளே போன ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை வெள்ளையணுக்கள் கண்டுகொண்டதன் அடையாளம் அது. கண்ணில்லாத அணு எப்படிக் கண்டது?

அதன் மேலுறையில் ‘ஏற்பி’ எனப்படும் புரதங்கள் செருகி நிற்கின்றன. ஒரு முனை வெளியே, மறுமுனை உள்ளே. வீட்டுக் காலிங் பெல்லும் அப்படித்தான். அழுத்தும் விரல் வாசலிலேயே நின்றுவிடும். ஓசை மட்டும் அடுக்களை வரை போகும்.

தோலுக்கடியில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுவில் டி.எல்.ஆர்.-2 என்றொரு ஏற்பி உண்டு. பாக்டீரியா உறையின் கொழுப்புப் புரதம் வந்து ஒட்டியதும், அது பக்கத்திலுள்ள துணை ஏற்பியோடு சேர்ந்துகொள்கிறது. வெளியே இரண்டும் நெருங்க, உள்முனைகளும் நெருங்குகின்றன. அந்த இடுக்கில் மைடி-88 என்ற புரதம் வந்து அமர்கிறது. அங்கிருந்து கைனேஸ் நொதிகள் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. கடைசிக் கைனேஸ், என்.எஃப்.-காப்பா-பி என்ற புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் காவலாளிப் புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அது அழிக்கப்படுவதற்கான முத்திரை. கட்டு அவிழ்ந்த என்.எஃப்.-காப்பா-பி உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்க, இன்டர்லூக்கின்-8 போன்ற அழைப்பு வேதிப்பொருள்கள் தயாராகி வெளியேறுகின்றன.

அந்த அழைப்பைக் கேட்பவை ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில்கள்; லேப் ரிப்போர்ட்டில் வெள்ளையணுக்களில் பெரும்பங்காகக் காட்டப்படுபவை. அவற்றின் ஏற்பி வேறு வகை. அது உள்ளேயிருக்கும் ஜி-புரதத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. எந்தப் பக்கத்து ஏற்பிகள் அதிகம் தூண்டப்படுகின்றனவோ, அந்தப் பக்கம் ஆக்டின் இழைகள் வளர்ந்து அணுவை முன்னே தள்ளுகின்றன. நிமிடத்துக்கு ஏறக்குறைய தன் உடல் அகலம் அளவுக்கு ஊர்ந்து, அது காயத்தை அடைகிறது.

வெளிமுனையும் உள்முனையும் தனித்தனி வேலை செய்வதால் அவற்றைப் பிரித்து ஒட்டவும் முடியும். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியல் மையமும் உருவாக்கி, 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சை அதைத்தான் செய்கிறது. நோயாளியின் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களை எடுத்து, சிடி-19 என்ற அடையாளம் தாங்கிய ரத்தப் புற்றணுக்களைப் பற்றும் வெளிமுனை கொண்ட ஏற்பியை அவற்றில் பொருத்துகிறார்கள். உள்முனை டி அணுவுக்கே உரிய புரதங்களால் ஆனது. வாசலில் பொத்தான் புதிது; உள்ளே ஓடும் ஒயர் பழையதுதான்.